நான்கு எண்களில் ஒரு வீடு

கன்னியம்மாவின் வீட்டை இடித்தது நான்தான். பொக்லைனை ஓட்டியவர் வேறொருவர். ஆனால் இடித்தது நான்!

சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பத்தில் வீடு கட்டக்கூடாத கடலோர எல்லைக்கோட்டைத் தாண்டிய வீடுகளை ட்ரோன் படங்களிலிருந்து கண்டுபிடிக்க நிரல் எழுதியவள் நான். ஒரு வீட்டை உள்ளபடி குறிக்க அதன் எல்லா மூலைகளும் வேண்டும். நானோ மேலே இடது மூலை, கீழே வலது மூலை, இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். மூலைக்கு இரண்டாக நான்கே எண்கள், நிமிர்ந்த ஒரு செவ்வகம். படத்தில் நேராக நிற்கும் வீட்டுக்கு அது போதும். சாய்வாக நிற்கும் வீட்டுக்கு? சுற்றியுள்ள வெறும் மணலையும் வீடு என்று சொல்லிவிடும்.

இது எனக்குத் தெரியாதா? பொத்தேரிக் கல்லூரியில் படித்தபோதே தெரியும்! மறுநாள் ஒப்படைக்க வேண்டும்... யார் குடி முழுகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

கன்னியம்மாவின் வீடு சாய்வாக நின்றது. இடிக்கப்போவதாக நோட்டீஸ் போயிற்று.

அவர் முறையிட்டதால் நேரில் பார்த்துவர என்னையே அனுப்பினார்கள். கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரு ரெண்டு தபா கயிறு புடிச்சு அளந்துதாம்மா கடைக்கால் போட்டாரு. வூடு கோட்டுக்கு இந்தாண்டதான் கீது."

கையிலிருந்த படத்தைப் பார்த்தேன். செவ்வகத்தில் கோட்டைத் தாண்டிய மூலையில் சுவரே இல்லை. காயப்போட்ட வலையும் மணலும்தான்! ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் எல்லா வீடுகளையும் மறுபடி பார்க்க வேண்டிவரும், என் வேலை போய்விடும்... பயந்தேன்.

"கம்ப்யூட்டர் தப்பா காட்டாதும்மா" என்றேன். எப்படி மனசு வந்தது எனக்கு?

அடுத்த வாரம் வீடு போயிற்று. அன்றைக்கே ஒருவருக்கும் தெரியாமல் நிரலைத் திருத்தினேன். அதற்குப் பின் எந்தக் குப்பத்திலும் ஒரு வீடுகூடத் தவறாக மாட்டவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு... சீ!

போன மாதம் மீன் வாங்கும் சாக்கில் அவர்களைப் பார்க்கப் போனேன். கன்னியம்மா விற்றுக்கொண்டிருந்தார், சற்றுத் தள்ளி அவர் கணவர் தேசிங்கு மீன் அரிந்துகொண்டிருந்தார். வீடு போனதிலிருந்து அவரோடு கன்னியம்மா பேசுவதே இல்லையாம். அதைச் சொன்னவர் தேசிங்குதான்.

"மிசினு இன்னா பொய்யா சொல்லும்? நான்தாம்மா அளவுல கோட்ட வுட்டுட்டேன். அவ வூட்ட நானே தொலச்சிட்டேன்" என்றார்.

நீங்கள் அளந்தது சரி, அண்ணா...

இதைப் படிக்கும் உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.