மே மாதத்துக் கட்டைவிரல்

மரக்காணம் உப்பளத்தில் மே மாத வெயில் அடித்தால் காக்கைகூடக் கறுப்புக் கண்ணாடி கேட்கும். அந்த வெயிலில் முப்பது வருஷம் உப்பு வாரியவள் திரௌபதி. பிரம்மதேசத்தில் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த நாற்பது சென்ட் முந்திரித் தோப்புதான் அவளுக்கென்று இருந்த ஒரே மண். அதற்கும் ஆபத்து வந்தது.

சித்தப்பா மகன் புருஷோத்தமன் நீதிமன்றத்தில் ஒரு தாளை நீட்டினான். தோப்பை அவனுக்கே விட்டுக்கொடுத்ததாக எழுத்து. அதன் மேலேயே திரௌபதியின் கைநாட்டு. தேதி, முந்தைய வருஷம் மே பத்தொன்பது. “என் கண்ணு முன்னாடிதான் அக்கா வெச்சாங்க” என்று கூண்டில் ஏறிச் சத்தியமும் செய்தான்.

“அடப்பாவி! புயல் நிவாரண மனுன்னு கார்த்திகையில வெத்துத் தாள்ல வாங்கினியேடா!”

அவள் கத்தினாள். சாட்சிதான் இல்லை.

கைநாட்டைச் சோதித்த சென்னை ஆய்வுக்கூடத்து அறிக்கை வந்த அன்று அவளுடைய வக்கீல் விஜயலட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது.

“ரேகை உங்களோடதுதான்னு சொல்லிட்டாங்கம்மா. ஒவ்வொரு கோடும் பளிச்சுன்னு இருக்குது. சமாதானமா போயிடலாமா?”

அறிக்கையோடு வந்த ரேகைப் படத்தைத் திரௌபதி வாங்கிப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். வக்கீலுக்குப் பயமாகிவிட்டது.

“ஏம்மா, மே மாசத்துல எனக்கு ரேகை ஏது?”

“புரியலையே.”

“தை மாசம் உப்புத் தண்ணியில கை வெச்சா, சித்திரைக்குள்ள விரலு உரிச்ச முட்டையாட்டம் ஆயிடும். ரேஷன் கடை மெஷினு அப்பல்லாம் நான் ஆளே இல்லைன்னு சொல்லிடும். மழை வந்து உப்புப் பாத்தி மூழ்கி வேலை நின்னாத்தான் ரேகை திரும்ப முளைக்கும். அவன் கரும்பு போடுறவன், அவனுக்கு எங்க தெரியும்?”

“ஜட்ஜ் நம்பணுமே.”

“வாயால சொன்னா நம்ப வேணாம். மே மாசம் வரட்டும். இந்த ரேகையைப் புடிச்ச அதே கேமரா என் விரலைப் படம் புடிக்கட்டும்.”

மனுப் போட்டு அனுமதி வாங்கினார் வக்கீல். அந்தப் பருவம் முழுக்கத் திரௌபதி வெறுங்கையோடு உப்பு வாரினாள். விரல் வெடித்து ரத்தம் கசிந்தது. பக்கத்துப் பாத்தி அமராவதி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

“கொஞ்சம் தடவுக்கா.”

“தள்ளிப் போடி. இந்த வருஷம் இது கோர்ட்டு சொத்து.”

மே பத்தொன்பதாம் தேதியே சென்னைக்கு பஸ் ஏறினாள். ஆய்வுக்கூடத்து ஜெயப்ரியா அவள் கட்டைவிரலை லென்ஸுக்குக் கீழே வைத்தார். திரையில் ஒரு கோடுகூட இல்லை. துடைத்த தட்டு மாதிரி இருந்தது. ரேஷன் கடைப் பதிவேட்டின் நகலையும் திரௌபதி நீட்டினாள்: வருஷா வருஷம் மே மாதம், ரேகை பதியவில்லை.

ஜெயப்ரியா அந்தப் பழைய தாளை மறுபடி எடுத்தார். வெவ்வேறு ஒளியில் படம் பிடித்து, எழுத்து ரேகையைக் கடக்கும் இடத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கினார். பேனா மை, கைநாட்டு மையின் மேல் ஏறி ஓடியிருந்தது. கைநாட்டு முதலில் விழுந்திருக்கிறது. எழுத்து அப்புறம்தான் வந்திருக்கிறது.

தாளில் இருந்த ரேகை, மே மாதத்து வழுக்கை விரல், இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்து ‘இது எப்படி?’ என்று நீதிபதி கேட்டபோது புருஷோத்தமனுக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நான்காவதைக் கேட்டான்.

நம்பினால் நம்புங்கள், அடுத்த மாதமே தீர்ப்பு. தோப்பு திரௌபதிக்குத்தான். நகல் வாங்க வந்தவளிடம் குமாஸ்தா மைப்பெட்டியைத் தள்ளினார்.

“கைநாட்டு வைம்மா.”

வைத்தாள். நீலமாக ஒரு திட்டு விழுந்தது.

“என்னம்மா இது, ரேகையே காணோம்?”

“அதான்யா நான் ஜெயிச்சேன்” என்று நகலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள் திரௌபதி.