அண்ணன் ஆசைப்பட்ட அந்தப் பச்சைக் கார்

எங்கள் அண்ணனை இறைவன் தம்மிடம் அழைத்துக்கொண்டு இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வரும் உறவினர் கையில் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சிட வேண்டும் என்று அண்ணி விரும்பினார். எழுதும் பொறுப்பு தங்கையாகிய என்மேல் விழுந்தது. விழுந்த மறுநாளே உறவினர் வந்து, என்ன எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தரத் தொடங்கினார்கள். "யோங் பெங் வட்டாரத்துலயே சொந்தமா மோட்டார் கார் வச்சிருந்த முதல் தமிழர்னு போடும்மா. நம்ம குடும்பத்துக்கே பெருமையில்ல?" என்றார்கள். போட்டுவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது திருச்சிராப்பள்ளிப் பக்கம். கைக்குழந்தையாகக் கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கே, யோங் பெங்கை அடுத்த கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில். காட்டை வெட்டித் திருத்திக் கித்தாக் கன்று நட்டவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். அந்தக் கன்றுகள் பால் கொடுக்கும் முன்பே காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, அதே தோட்டத்தில் கங்காணி. அநாதையாய் நின்ற எங்களை அவரே ஆதரித்தார் என்று ஊர் சொல்லும். ஆதரித்தது உண்மை. போட்ட சோற்றை உருண்டை உருண்டையாக எங்களுக்கு நினைவூட்டிக்கொண்டும் இருந்தார்.

மீசை அரும்பும் வயதில் அண்ணன் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சமயத்தில்தான் துரைக்குக் கார் வந்தது. சிங்கப்பூரிலிருந்து படகில் பத்து பகாட் என்னும் துறைக்கு வந்து, அங்கிருந்து செம்மண் சாலையில் ஊர்ந்து தோட்டத்தை அடைந்தது. கரும்பச்சை நிறம், பித்தளை விளக்கு, மடக்கும் துணிக்கூரை, சிவப்புத் தோல் தைத்த இருக்கை. தேர் வந்ததுபோல லயமே திரண்டு போய்ப் பார்த்தது. நானும் பார்த்தேன். மனிதரைப்போல் இருமுகிற ஒரு தகரப் பெட்டி என்றுதான் எனக்குத் தோன்றியது. மழைக்காலத்தில் பாதி நாள் அது சேற்றில் புதைந்து கிடக்கும். கம்பம் என்னும் பக்கத்து மலாய்க் கிராமத்தாரின் எருமைகள் அதை இழுத்துவந்து பங்களா வாசலில் சேர்க்கும். எருமைக்கு யாரும் சலாம் போட்டதில்லை.

காரைக் கழுவித் துடைப்பது அண்ணன் வேலை. துரை வெளியே கிளம்பினால் வழியிலுள்ள தோட்டத்து வேலிக் கதவுகளைத் திறந்து மூட ஆள் வேண்டும் என்று, காரின் பக்கப் படியில் தொற்றிக்கொண்டு நிற்பதும் அவர் வேலை. பின்னிருக்கை காலியாகவே வரும். வெயிலிலும் மழையிலும் அண்ணன் படியில் நிற்பார்.

ஒரு நண்பகல், இருக்கையின் பித்தளைக் குமிழ்களைத் துடைக்கும்போது அண்ணன் அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். துரையின் மனைவி துரைசாணி மாடியிலிருந்து பார்த்தாள். அவரை ஒரு சொல் திட்டவில்லை. சமையற்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஆஸ்பத்திரி வாசம் வீசும் சோப்பும் வந்தன. அண்ணன் உட்கார்ந்த இடத்தை அண்ணனே தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது உத்தரவு. கழுவினார்.

நானாக இருந்தால் அன்றோடு அந்தக் காரின் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். அண்ணனோ லயத்துக்கு வந்து என்னிடம், "பாரு, ஒரு நாள் இதே காரை நான் வாங்குறேன். பின்னால நல்லா சாஞ்சு உக்காந்து போறேன்" என்றார். வெறுக்க வேண்டிய பொருளின்மேல் ஒரு மனிதர் இப்படியும் ஆசை வைப்பாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சித்தப்பா இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார். "லயத்துல வளந்தவனுக்குக் காராம்! முதல்ல கால்ல ஒரு செருப்பு வாங்கிப் போடுடா" என்றார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களில் சிலர் இந்த மலரைப் படிக்கக்கூடும்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றார். பிறகு பங்களாவை விட்டு விலகி, கித்தாத் தகடு ஏற்றும் லாரிக்கு டிரைவரானார். குடிக்க மாட்டார். பிறர் பொருளைத் தொட மாட்டார். வழியில் சுமையோடு நடப்பவரைக் கண்டால் ஏற்றிக்கொள்ளாமல் போக மாட்டார். என்னைச் சிங்கப்பூரில் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்த்துப் படிக்கவைத்தார். நான் சப்பாத்து போட்டு நடந்த காலத்தில் அவர் வெறுங்காலோடு லாரி ஓட்டினார். இவ்வளவு நல்லவர், கையில் முதன்முதலாகக் கொஞ்சம் காசு மிஞ்சியபோது என்ன வாங்கினார் தெரியுமா? துரைமார் கார் ஓட்டும்போது மாட்டிக்கொள்ளும் தோல் கையுறை! இந்த வெக்கையில் அதை மாட்டிக்கொண்டு மாதா கோயில் பூசைக்கு வந்தார். நான் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணியிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "உங்களுக்குக் கார் பிடிக்குமா?" என்பது. "மாட்டு வண்டியில போனாலே எனக்கு வாந்தி வரும்" என்று அண்ணி உண்மையைச் சொன்னார். கல்யாணம் நடந்தது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. துரை சீமைக்குத் திரும்ப மூட்டை கட்டினார். அதற்குள் அவருக்கு வேறொரு புதுக் கார் வந்திருந்தது. பழைய பச்சைக் கார் கொட்டகையில் கிடந்தது. அதில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. புத்தியுள்ள எவரும் அந்தக் காலத்தில் அரிசி வாங்கி வைப்பார்கள். அண்ணன் காரை வாங்கினார்.

நாள்கணக்காக அதைப் பிரித்துப் பூட்டி, பச்சை வர்ணம் அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். முகத்தில் அப்படி ஓர் ஒளி. அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து உறவு பெருகியது. லயத்தில் நாங்கள் இருந்ததையே மறந்துபோனவர்கள் எல்லாம் மாமன், மச்சான் முறை கொண்டாடி வந்தார்கள். கல்யாணமா, காதுகுத்தா, கார் வேண்டும். கார் என்றால் பின்னிருக்கையில் அவர்கள், முன்னால் ஓட்டுகிறவர் அண்ணன். முதல் ஆளாக ஏறியவர் சித்தப்பா. ஏறிச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, "மெதுவாடா, பள்ளம் இருக்கு பாரு" என்று அண்ணன் முதுகைப் பிரம்பால் தட்டினார். அண்ணிக்கு எப்போதும் இடம் இருந்ததில்லை.

சாஆ என்னும் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சித்தப்பா பட்டுக்கரை வேட்டியில் பின்னால் இருந்தார். நான் முன்னால், அண்ணன் பக்கத்தில். வழியில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு நடந்துகொண்டிருந்தது. வேலை போன தோட்டத்து ஆட்கள். லாபிஸ் ரயிலடிக்குப் போய், ரயிலேறி, கப்பலேறி ஊர் திரும்புகிறவர்கள். கைப்பிள்ளைக்காரியால் நடக்க முடியவில்லை. புருஷன் அவளைத் தாங்கிக்கொண்டு நின்றான். அண்ணன் காரை நிறுத்தினார்.

"எதுக்குடா நிறுத்துற?" என்றார் சித்தப்பா.

"அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் போல இருக்கு, சித்தப்பா. ஏத்திக்கலாம்."

"இதுங்களையா? சீட்டெல்லாம் நாறிப் போயிடும்டா. நேரமாச்சு, எடு."

அண்ணன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் புருஷனையும் மூட்டைகளையும் உள்ளே ஏற்றினார். இருவர் உட்காரும் இருக்கை அது. சித்தப்பா பதறிப்போய் இறங்கிவிட்டார்.

"அப்ப நான் எங்கடா உக்கார்றது?"

"படியில நில்லுங்க, சித்தப்பா. கம்பியைப் புடிச்சிக்குங்க. நான் வருஷக்கணக்கா நின்னவன்தான். ஒண்ணும் ஆகாது."

குரலில் கோபமே இல்லை. சித்தப்பா சாலையை முன்னும் பின்னும் பார்த்தார். நிழல் தர ஒரு மரம் கிடையாது. படியில் ஏறி நின்றார். சாஆ வரை நின்றுகொண்டே வந்தார். பந்தலில் இறங்கும்போது வேட்டியின் பட்டுக்கரை எது, செம்மண் எது என்று தெரியவில்லை. அண்ணன் எங்களை அங்கே இறக்கிவிட்டு, அவர்களை லாபிஸ் வரை கொண்டுபோய் ரயிலேற்றிவிட்டுத் திரும்பினார். அதற்குள் பந்தி முடிந்து இலைகளை எடுத்துவிட்டார்கள். யாரும் அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. சித்தப்பா அடுத்த கல்யாணம் வரும்வரை எங்களோடு பேசவில்லை. அது வந்ததும் பேசினார்.

திரும்பும் வழியில் அண்ணன் என்னிடம், "வாங்குனதுலேருந்து நான் ஒரு தடவைகூடப் பின்னால உக்காரல, தெரியுமா?" என்றார்.

"உங்களத் தவிர எல்லாரும் உக்காந்தாச்சு" என்றேன்.

கொஞ்ச நாளில் அதை விற்க முடிவு செய்தார். மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த தவுக்கே எனப்படும் சீன முதலாளி ஒருவர், எந்திரத்துக்காகக் கேட்டார். வந்தவர், ஓட்டிப் பார்க்கிறேன் என்று முன்னால் ஏறினார். அண்ணன் அடுக்களையிலிருந்த அண்ணியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, பின்னால் தம் பக்கத்தில் உட்காரவைத்தார். நன்றாகச் சாய்ந்துகொண்டார். கார் மரப்பாலம் வரை போனது. அங்கே அண்ணி, "எனக்குக் கொமட்டுதுங்க. எறங்கி நடந்துடலாமா?" என்றார். இருவரும் இறங்கினார்கள். தவுக்கே அப்படியே ஆலைக்கு ஓட்டிப் போய்விட்டார். அண்ணன் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார் என்று அண்ணி சொன்னார். அந்த எந்திரம் இப்போது பலகை அறுக்கிறது. முதன்முறையாக உருப்படியான வேலை.

பிறகு அண்ணன் மறுபடி லாரி ஓட்டினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். சென்ற ஆண்டு நெஞ்சு நோய் கண்டு, பத்து பகாட் ஆஸ்பத்திரியில் சில வாரம் கிடந்து, பிறகு வீட்டுக்கு வந்து, அண்ணியின் மடியில், சாமியார் கையால் நற்கருணை பெற்று அமைதியாகக் கண்மூடினார்.

அடக்கத்தன்று சித்தப்பாவின் மகன் தம் புதுக் காரில் வந்தார். பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோக அதைத் தருவதாக, நாலு பேர் கேட்கச் சொன்னார். அண்ணி தலை நிமிர்ந்து, "வேண்டாம், தம்பி. அவரைத் தூக்க ஆளுங்க இருக்காங்க" என்றார். ஆட்கள் இருந்தார்கள். லாரி டிரைவர்களும் பால்வெட்டும் தொழிலாளரும் முழங்கால் சேற்றில் மாறி மாறிச் சுமந்தார்கள். அந்தத் தோள்களுக்கு எங்கள் முதல் நன்றி. நோயில் இரக்கத்தோடு பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், பூசை வைத்த சாமியாருக்கும், துக்க வீட்டுக்கு அரிசியும் தேங்காயும் கொண்டுவந்த கம்பத்து மலாய்க்காரருக்கும் நன்றி. மழை விடும்வரை காருக்குள்ளேயே இருந்து, விட்டதும் விடைபெற்றுக்கொண்ட உறவினருக்கும் நன்றி.

பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் அனைவரும் சாப்பிட்டுப் போகும்படி அண்ணி கேட்டுக்கொள்கிறார். சந்து குறுகல். காரில் வருபவர்கள் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு, எல்லாரையும்போல் நடந்து வரவும்.