ஒன்றாம் எண்ணுக்கு நேரே

வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு எங்கள் கல்லூரிப் பேருந்து மண்ணூர் நிறுத்தத்தில் நின்றது. ஜெசிந்தா அங்கே இல்லை. பதினோரு வருடத்தில் ஒருநாளும் வண்டி அவருக்காகக் காத்திருந்ததில்லை. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். தெருவுக்குள்ளிருந்து அவருடைய அண்ணன் வந்து, படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னார்: "விடிகாலைல நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிட்சு. நீங்க கெளம்புங்க, காலேஜிக்கு நேரமாவுது."

டிரைவர் இன்ஜினை அணைத்தார். பின்னால் ஒரு மாணவி "எந்த மேடம்? எந்த மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜெசிந்தாவுக்கு நாற்பத்தாறு வயது. முந்தைய நாள் மாலை என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தவர்.

அந்த நிமிடம் எனக்குத் தோன்றியதை எழுத வெட்கமாக இருக்கிறது. என் பையில் ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது. அதில் ஒன்றாம் எண்ணுக்கு நேரே வெற்றிடம். "அதுல யாரு பேருன்னு காலைல பஸ்ல சொல்றேன்" என்றிருந்தார் ஜெசிந்தா. இனி யாரிடம் கேட்பது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவரிடம் பயின்றவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. முடித்து, ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் உற்பத்தி லைனில் நின்றுவிட்டு, எங்கள் கல்லூரிப் பட்டறைக்குப் பயிற்றுநராக வந்தவர். லேத் முன்னால் கூந்தலைக் கட்டாமல் நிற்கும் பெண்ணிடம், "மிஷினுக்கு உன் மார்க்கு தெரியாது கண்ணு, முடிதான் தெரியும்" என்பார். நான் கணிதம் நடத்துகிறவள். என்னை "மேடம்" என்று கூப்பிட்டுவிட்டு "நீ" என்று பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, ஓர் ஆசிரியர் ஆய்வகத்தில் தன்னிடம் நடந்துகொண்ட விதம் பற்றிப் புகார் கொடுத்தாள். விசாரணைக் குழுவில் நானும் இருந்தேன். நாங்கள் விசாரிக்கவில்லை. அவளுடைய பெற்றோரை வரவழைத்து, பெண்ணின் எதிர்காலம் என்று பேசினோம். தவறாகப் புரிந்துகொண்டு புகார் செய்துவிட்டதாக ஒரு கடிதம் தயாரானது. அதை எழுதியது நான். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. ஜெசிந்தா ஒரு வாரம் என் பக்கத்தில் உட்காரவில்லை. பிறகு ஒரு மாலை வந்து உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "உன் எழுத்து அழகா கீது மேடம். அதான் உன்ன எழுதச் சொல்றாங்க."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசியிருந்தால் நான் ஏதாவது நியாயம் சொல்லியிருப்பேன்.

இந்த ஆண்டு, சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஒரு மனு தயாரித்தார்கள். வளாகத்தில் நடக்கும் பாலியல் அத்துமீறல்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும். புகாரை வெளியாட்கள் விசாரிக்க வேண்டும். சமாதானக் கடிதம் வாங்குவது குற்றமாக வேண்டும். எங்கள் கல்லூரியில் அதை எடுத்துச் செய்தவள் இறுதியாண்டு கௌசல்யா. எல்லாரும் நல்ல மனு என்றார்கள். ஆனால் இரண்டு நாள் அந்தத் தாள் கேன்டீன் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்க வரும் சமயம். முதல் பெயர் யாருடையதோ அவளுக்கு வேலை கிடைக்காது என்று பேச்சு.

ஜெசிந்தா தன் டிபன் பாக்ஸ் மூடியைத் தாளின் மேல் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி வட்டம் போட்டார். "இதும் மேல சுத்தி எழுதுங்க. எங்க லைன்ல பாத்ரூம் போவ வுடலன்னு இப்பிடித்தான் மனு குடுத்தோம். முதல் பேரு எதுன்னு சூப்ரவைசர் பேப்பர சுத்திச் சுத்திப் பாத்தான். அவன் தலை சுத்துனதுதான் மிச்சம்." ஒரு மாணவன் பையன்களும் போடலாமா என்று தயங்கினான். "இன்னாத்துக்கு கேக்குற? வட்டத்துல எடம் கீது பாரு" என்றார். மாலைக்குள் ஏழு தாள்கள் நிறைந்தன.

நாங்கள் மனுவோடு போனபோது, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் வட்டங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வரிசை எண்ணோடு பட்டியல் வேண்டும், முதல் பெயருக்கு உரியவர்தான் மனுதாரர், ஆசிரியராக இருந்தாலும் சரி, திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்றார்கள். மாணவிகள் தலை குனிந்து நின்றார்கள். ஜெசிந்தா என்னிடம், "ரெண்டுலேர்ந்து டைப் அடி மேடம். ஒண்ண நான் பாத்துக்கறேன்" என்றார். தன் பெயரைத்தான் போடப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலையே அடக்கம். மண்ணூர் கல்லறைத் தோட்டத்தில் தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள். படிப்பை நிறுத்திய அந்த மாணவி. பிள்ளைப்பாக்கத்தில் வேலை பார்க்கிறாளாம்; வாங்கிக்கொடுத்தவர் ஜெசிந்தாவாம். மூன்று வருடமாக மாதம் ஒருமுறை அவளைப் போய்ப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

"நேத்து சாயந்திரம் காலேஜ் பஸ்லேர்ந்து எறங்கி நேரா வந்தாங்க மேடம்" என்றாள். "அந்த லிஸ்ட்ல முதல் பேரா உங்க பேரப் போடச் சொல்லிக் கேக்கப் போறதாச் சொல்லி, எனக்குச் சம்மதமான்னு கேட்டாங்க. நீங்க போட மாட்டீங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க. 'போடுவா, பாரு'ன்னாங்க."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

திங்கட்கிழமை அந்த வெற்றிடத்தில் என் பெயரை எழுதினேன், கடிதத்தை எழுதிய அதே எழுத்தில். பெயருக்குக் கீழே அந்தக் கடிதத்தைப் பற்றியும் நான்கு வரி எழுதினேன். கல்லூரி நிர்வாகம் விளக்கம் கேட்டிருக்கிறது. சட்டம் வருமா என்று தெரியாது. மண்ணூர் வந்தால் டிரைவர் இன்னமும் வண்டியை நிறுத்துகிறார்.

அந்த டிபன் பாக்ஸ் மூடியை அவர் அண்ணன் என்னிடம் தந்தார். கௌசல்யாவிடம் கொடுத்துவிட்டேன், அவர்களுக்கு இன்னும் தேவைப்படும். நான் வைத்துக்கொண்டிருப்பது, நான் இல்லாத இடத்தில், என்னால் படிப்பை இழந்தவளிடம், என்னைப் பற்றி அவர் சொன்ன 'போடுவா' என்ற வார்த்தையைத்தான். அதை அவர் சொன்ன மாலையில் நான் பெயர் போடுகிறவளாக இருக்கவில்லை.