ஊற்றுத் தண்ணீர்

லேக் மார்க்கெட்டில் வாங்கிய கந்தக சோப்பைப் பிரித்ததும் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றின் அதே கூமுட்டை வாடை வந்தது. அம்மாவின் முட்டிவலிக்காக வருஷா வருஷம் கல்கத்தாவிலிருந்து அங்கே போவோம். பஸ்ஸை விட்டு இறங்கி, இன்று தார் ரோடாகிவிட்ட செம்மண் வழியில், இரண்டு பக்கமும் நெல் சலசலக்க, அவள் செருப்பு ஒன்று அழுத்தியும் ஒன்று இழுத்தும் சத்தமிட, மெதுவாக நடப்போம். ஒரு தடவை திரும்பும்போது, ஊற்றுத் தண்ணீர் கேன் கனக்கிறதென்று, பின்னால் வந்த அம்மாவுக்குத் தெரியாமல் வயலில் கொட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் குழாயில் நிரப்பிக்கொண்டேன். அம்மா அதைத்தான் தினமும் சொம்பு சொம்பாகச் சுடவைத்து முட்டியில் ஊற்றிக்கொண்டாள். எனக்குக் கால் சுளுக்கிய அன்று, மிச்சமிருந்த கடைசிச் சொம்பை என் காலில் ஊற்றிவிட்டு, "வலி கொறஞ்சுதாடி?" என்றாள்.

"நன்னா கொறஞ்சுதும்மா" என்றேன்.