சிரிக்கும் பொம்மையோடு போன ரிப்போர்ட்

நான் ஒரு மடையன். ஒரு கொலைக்குக் கீழே சிரிக்கும் பொம்மை போட்டு மெயில் அனுப்பியவனை வேறு எப்படிச் சொல்வது?

பேகம்பேட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸ், வெளிநாட்டுக்காரர்களின் மரபணுவை ஒப்பிட்டு, தொலைந்த சொந்தங்களைத் தேடித் தரும். ஜெர்மனியில் ஒரு கிராமத்திலிருந்து வயதான அம்மாள் ஒருவர் எச்சில் மாதிரி அனுப்பியிருந்தார். அது அமெரிக்காவில் இருக்கும் ஒரு யூதப் பெண்மணியோடு பொருந்தியது. இருவருக்கும் தாத்தா ஒருவரே: அதே கிராமத்தில் மாடு விற்ற யூதர். "புதுப் பங்காளி கிடைத்துவிட்டார், சொத்துச் சண்டைக்குத் தயாராகுங்கள்" என்று ஜெர்மன் அம்மாளுக்கு எழுதி, பொம்மையையும் வைத்தேன். பக்கத்து சீட் சுல்தானா எட்டிப் பார்த்து, "நக்கோ பையா", வேண்டாம் அண்ணா, என்றாள். நான் கேட்டால்தானே.

மறுநாள் அந்த அம்மாள் வீடியோவில் வந்தார்.

"நாஜிகள் காலத்தில் அந்த வியாபாரியைத் தெருவில் இழுத்துப்போட்டு, நுகத்தடியால் அடித்தே கொன்றார்கள். மண்டை பிளந்த பிறகும் ஒருவர் மட்டும் நிறுத்தவில்லையாம். அப்படி அடித்தவரைத்தான் நான் தாத்தா என்று கூப்பிட்டேன். ஏன் நிறுத்தவில்லை என்று இப்போது புரிகிறது: என் அப்பா தன் பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் அப்பா அந்தக் கொலையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்."

வரப்புத் தகராறைத் தவிர வேறு பங்காளிச் சண்டை அறியாத நான், முந்தின நாள் மெயிலைத் திறந்து அந்தப் பொம்மையைப் பார்த்தேன்.

அமெரிக்கப் பெண்மணியோ, தாத்தா எப்படிச் செத்தார் என்று வருடக்கணக்காகத் தேடுகிறவர். "நீங்கள் சொன்னதை அவருக்கு அனுப்பட்டுமா, மேடம்?" என்று தயங்கிக் கேட்டேன்.

"அனுப்புங்கள், பொம்மை இல்லாமல்."