நான் எழுதாத கமெண்டுகள்

வில்லியனூரில் ஒரு மண்டபத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெப் டெவலப்மெண்ட் வகுப்பு நடந்தது. நான் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவள். வகுப்பில் பதினோரு பேர் எழுதி அனுப்பும் கோடிங்கைப் படித்து, எங்கே தப்பு, ஏன் தப்பு என்று ஓரத்தில் கமெண்ட் எழுதுவது என் பொறுப்பு. மணப்பட்டிலிருந்து வந்த ஒருவன் ஒரே பக்கத்தை ஐந்து தடவை திருத்தினான். என்னைத் திட்டிக்கொண்டேதான் திருத்தினான். ஆனால் ஐந்தாவது தடவை, எதை ஏன் மாற்றினான் என்று அவனால் சொல்ல முடிந்தது.

ஒருத்திக்கு மட்டும் நான் அப்படி எழுதவில்லை.

அவள் காட்டேரிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வார நாட்களில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை. அவளுடைய அம்மா எங்கள் சொந்தக்காரர்களின் கரும்புக் கொல்லையில் கூலிக்குப் போனவர். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

முதல் வாரம் தன் ஊருக்கு வரும் பஸ்களின் நேரத்தைக் காட்டும் ஒரு பக்கம் செய்து அனுப்பினாள். அதில் தப்பு இருந்தது. கமெண்ட் எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டேன். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாள், மனசு விட்டுப்போகுமே என்று நினைத்தேன். எதை மாற்றினேன் என்று சொல்லாமல் நானே சரிசெய்து, “நல்லா வந்திருக்கு” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அடுத்த வாரமும் அப்படியே. ஆறு மாதமும் அப்படியே. வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவளும் அதை நம்பினாள்.

பிறகு டவுனில் ஒரு சின்ன கம்பெனி அவளை ஒரு மாதம் வேலைக்கு வைத்துப் பார்ப்பதாகச் சொன்னது. புருஷனிடம் சொல்வதற்கு முன்னால் எனக்குத்தான் போன் செய்தாள். ஆஸ்பத்திரி வேலையை விட்டாள்.

அங்கே அவளுடைய கோடிங்கைப் பார்த்தவர் கோபக்காரர் இல்லை. இந்த வரி இங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டார், அவ்வளவுதான். அவளுக்குத் தெரியவில்லை. நான் எப்போதோ சேர்த்துக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே போட்டிருந்தாள். அடுத்த வரியைக் கேட்டார். அதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரமே, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு மாடிக்கு வந்தாள். அழவில்லை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

“எல்லாருக்கும் தப்பு தப்புன்னு எழுதினீங்கக்கா. எனக்கு மட்டும் ஒண்ணுமே எழுதல. நான் சரியாதான் பண்றேன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

உன் மனசு நோகக் கூடாது என்றுதான், என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

“அந்த மணப்பட்டுப் பையனுக்கு நோவாதா? அவன மட்டும் அஞ்சு தபா எழுத வச்சீங்க. இன்னாக்கா, எனக்கு இவ்ளோதான் வரும்னு நெனச்சிட்டீங்களா?”

அவளிடம் நான் காட்டியது இரக்கம் என்றே நினைத்திருந்தேன். இவளால் முடியாது என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டிருந்தேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், இந்தத் தடவை ஒன்றையும் மறைக்க மாட்டேன் என்று கெஞ்சினேன்.

“இல்லக்கா. படிக்கிறேன்னு வூட்ல ஒரு தபாதான் கேக்க முடியும்,” என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். அதையும் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு நான் செய்த போன் எதையும் அவள் எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவளுடைய முதல் பக்கத்தைத் திறந்து, அவள் எழுதியதையும் நான் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கடைசி பஸ் போன பிறகு பார்த்தால் மறுநாளின் முதல் பஸ்ஸைக் காட்டும்படி அவளாகவே யோசித்து எழுதியிருந்தாள். நேரத்தை ஒப்பிடும் ஓர் இடத்தில் மட்டும் சின்னத் தப்பு. இரண்டு வரி கமெண்ட் போதும், அவளே கண்டுபிடித்திருப்பாள். நான் அந்தப் பகுதியை முழுக்க அழித்துவிட்டு, எனக்குத் தெரிந்த மாதிரி எழுதி வைத்திருந்தேன்.