எஞ்சினின் ஒரு பக்கத் தொட்டி

அண்ணன் செங்கோட்டையில் ரயில்வே ஃபயர்மேனாக இருந்தான். மலைப்பாதையில் ஓடிய சின்ன நீராவி எஞ்சினில்தான் அவனுக்கு வேலை. பெரிய எஞ்சின்களுக்குக் கரியும் தண்ணீரும் சுமக்கப் பின்னால் தனி வண்டி உண்டு. இதற்குக் கிடையாது. கொதிகலனின் இரு பக்கமும் உள்ள இரும்புத் தொட்டிகளில் தன் தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு ஏறும். மேலே போகப் போகத் தண்ணீர் தீர்ந்து பாரம் குறையும், சக்கரம் வழுக்கும், தண்டவாளத்தில் மணல் விட வேண்டும் என்பான். லீவில் ராஜபாளையம் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பேச்சுதான்.

எங்கள் வீட்டில் பேண்டேஜ் துணி வெளுக்கும் தொழில். எண்பதுகளின் நடுவில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதே சமயம் அண்ணனை டீசல் எஞ்சின் பயிற்சிக்கு வெளியூர் போகச் சொன்னார்கள். அம்மா அப்போது உயிரோடு இல்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கைக்குழந்தையோடு இருந்தேன். வேலையை விடு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. விடாதே என்றும் சொல்லவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

அடுத்த வருஷம் அந்த எஞ்சினை உடைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவன், பழைய இரும்பு வியாபாரியிடம் ஒரு பக்கத் தொட்டியை வாங்கி லாரியில் கொண்டுவந்தான். வெளுப்புக்குத் தண்ணீர் பத்தவில்லை என்றான். உள்ளே இறங்கித் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தான். இரும்புத் தண்ணீர் வெள்ளைத் துணிக்கு ஆகாது என்பது அப்பாவுக்குத் தெரியும். கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் பெயின்ட் உரிந்தது. துணியெல்லாம் பழுப்புப் புள்ளி. அனுப்பிய கட்டுகள் திரும்பி வந்தன. தீபாவளிக்குப் போயிருந்த என்னிடம் அப்பா குழறிய குரலில், "அத எடுத்துரச் சொல்லு" என்றார். நான்தான் போய்ச் சொன்னேன்.

"கறை ஏறும்னு தெரியும்ட்டி. தெரிஞ்சுதான் வாங்குனேன்" என்றான் அண்ணன்.

சுந்தரபாண்டியத்திலிருந்து ஒருவர் தொட்டியைத் தோப்புக்கென்று கேட்டு வந்தார். டிராக்டரில் ஏற்ற அண்ணனே தோள் கொடுத்தான். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, கறைபட்ட துணிகளை மறுபடி அலசப் போனான். கறை போகவில்லை.

சிமென்ட் தொட்டி கட்டினோம். அப்பா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. தொழிலை அண்ணன் விடவும் இல்லை, பெருக்கவும் இல்லை.

தொண்ணூறுகளில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவனிடம், ரயிலில் வராமல் ஏன் எப்போதும் பஸ்ஸிலேயே வருகிறாய் என்று கேட்டேன்.

"டீசலுக்குப் போயிருந்தா இன்னேரம் டிரைவரா இருப்பேன்" என்றான்.

"அப்பாவ யாரு பாத்திருப்பா?" என்றேன்.

"அதான" என்றான். காபியைக் குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் போறேன் என்று கிளம்பினான்.